பிலடெல்பியாவின் குட்டைக் குரோமோசோம்: ஒரு மாத்திரை பிறந்த கதை

புற்றுநோய்க்கு மருந்து வந்துவிட்டது என்று பத்திரிகையில் செய்தி வருவது புதிதல்ல. படிக்கிறோம், வியக்கிறோம், அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஓராண்டு கழித்து அந்த மருந்து என்ன ஆயிற்று என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. ஆனால் 2001ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் தேதி அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அங்கீகரித்த ஒரு மாத்திரையை அந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது. இமாட்டினிப் என்பது அதன் பெயர். கிளிவெக் என்ற வணிகப் பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

இரத்தப் புற்றுநோயில் பல வகை உண்டு. அவற்றுள் ஒன்று ‘நாட்பட்ட மைலாய்டு’ வகை. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வரக்கூடிய நோய். முதலில் மெல்ல நகரும். களைப்பு, எடைக் குறைவு, வயிற்றின் இடப்பக்கம் மண்ணீரல் வீங்கிக் கனப்பது, அவ்வளவுதான். சிலருக்கு அதுகூடத் தெரியாது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் இப்படிப் போகும். பிறகு ஒரு நாள் அணை உடைந்தாற்போல் முதிராத வெள்ளை உயிரணுக்கள் இரத்தத்தில் பெருக்கெடுக்கும். அதன்பின் கணக்கு மாதங்களில்தான். ‘ஐந்து ஆண்டு’ என்று மருத்துவர் சொன்ன அந்த நோய்க்கு ஆளானவர்கள் இன்று பேரப்பிள்ளைகளின் திருமணத்தைப் பார்க்கிறார்கள் என்றால், காரணம் இந்த மாத்திரை. மாத்திரைக்குக் காரணம் ஒரு மரபணு. ‘ஏபிஎல்’ என்ற மூன்று எழுத்தில் அறிஞர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

இந்த வரலாற்றைப் பலரும் அமெரிக்காவிலிருந்துதான் தொடங்குவார்கள். நம் வட்டாரத்தவர் ஒருவரிடமிருந்து தொடங்குவதே பொருத்தம்.

ஜாவாவில் பிறந்தவர் எண்ணிச் சொன்னார்

மனித உயிரணு ஒவ்வொன்றிலும் எத்தனை குரோமோசோம்கள் இருக்கின்றன? இன்று இடைநிலைப் பள்ளி மாணவர்கூட 46 என்று சொல்லிவிடுவார். ஆனால் 1950களின் நடுப்பகுதி வரை உலகமே 48 என்றுதான் நம்பிக்கொண்டிருந்தது. பாடப் புத்தகத்தில் அச்சாகிவிட்டால் அதை மறுத்து எண்ணிப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்?

ஜோ ஹின் சியோ என்பவருக்கு வந்தது. 1919இல் ஜாவாவின் பெக்கலோங்கானில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர் இவர். தந்தை புகைப்படக் கலைஞர். மகனுக்கும் அந்தக் கலையைக் கற்றுக்கொடுத்திருந்தார். விவசாயம் படித்துவிட்டு உருளைக்கிழங்குப் பயிர் ஆராய்ச்சியில் இருந்தவரைப் போர்க்காலத்தில் ஜப்பானியர் சிறையில் அடைத்துச் சித்திரவதை செய்தனர். போர் முடிந்து ஐரோப்பா சென்றவர், 1955 டிசம்பரில் சுவீடனின் லுண்ட் நகரில் ஆல்பர்ட் லெவானின் ஆய்வுக்கூடத்தில் மனித உயிரணுக்களைத் துல்லியமாகப் படமெடுத்து எண்ணினார். 46. மறுபடி எண்ணினாலும் 46. 1956இல் அந்த முடிவு வெளியானது. தந்தையிடம் கற்ற புகைப்படக் கலை மகனுக்கு எங்கே கைகொடுத்தது பாருங்கள்!

இந்த எண்ணிக்கை உறுதியாகாமல் இருந்திருந்தால் அடுத்து நடந்த எதுவும் நடந்திருக்காது. ‘இது வழக்கமானது’ என்று தெரிந்தால்தானே ‘இது கோளாறு’ என்று சொல்ல முடியும்?

குழாய்த் தண்ணீரில் கழுவியபோது

பிலடெல்பியா நகரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் நோவல், இரத்தப் புற்றுநோய் உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயம் ஏற்றுவதற்கு முன் தகட்டைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் அலசினார். தண்ணீர் பட்டதும் உயிரணுக்கள் ஊதின. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த குரோமோசோம்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன. நோவலுக்குக் குரோமோசோம் பற்றி அப்போது அதிகம் தெரியாது. தெரிந்த ஒருவரைத் தேடி, அதே நகரின் புற்றுநோய் ஆய்வுக் கழகத்தில் பட்டத்திற்காக ஆய்வு செய்துகொண்டிருந்த டேவிட் ஹங்கர்ஃபோர்டுடன் கூட்டுச் சேர்ந்தார்.

நாட்பட்ட மைலாய்டு நோயாளிகளின் உயிரணுக்களில் ஒரு குரோமோசோம் மட்டும் வழக்கத்தைவிட மிகக் குட்டையாக இருப்பதை ஹங்கர்ஃபோர்டு கண்டார். ஒருவரிடம் அல்ல, அடுத்தடுத்துப் பார்த்த நோயாளிகளிடமும் அதே குட்டை. 1960இல் இருவரும் அதை மிகச் சுருக்கமாக அறிவித்தார்கள். ஊரின் பெயரால் அது ‘பிலடெல்பியா குரோமோசோம்’ ஆயிற்று. ஒரு புற்றுநோயோடு தவறாமல் சேர்ந்து வரும் மரபுக் கோளாறு என்று மனித குலம் கண்ட முதலாவது இதுதான்.

இருந்தும் பெரிய ஆரவாரம் எழவில்லை. வீடு எரிந்த பிறகு சுவர் கறுத்திருப்பதைப் பார்த்து, சுவர் கறுத்ததால்தான் வீடு எரிந்தது என்று சொல்லலாமா? அதுபோல, குரோமோசோம் சிதைந்தது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. பல ஆண்டுகள் அந்தச் சந்தேகம் தீரவே இல்லை.

சாப்பாட்டு மேசையில் ஓர் ஆராய்ச்சி

சந்தேகத்தின் முதல் முடிச்சை அவிழ்த்தவர் ஒரு குடும்பத் தலைவி என்று சொன்னால் மிகையாகாது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேனட் ரௌலி மருத்துவம் படித்தவர். நான்கு ஆண் பிள்ளைகளின் தாய். அவர்களை வளர்ப்பதற்காகப் பல ஆண்டுகள் பகுதி நேர வேலை மட்டுமே பார்த்தவர். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் தங்கியிருந்தபோது, குரோமோசோம்களில் வரிவரியாகப் பட்டை தெரியும்படி சாயமேற்றும் புதிய முறையைக் கற்றுக்கொண்டார். அதுவரை குரோமோசோம்களை உயரத்தை வைத்துத்தான் அடையாளம் காண முடிந்தது. பட்டைகள் தெரிந்த பின் ஒவ்வொன்றுக்கும் முகமே வந்துவிட்டது.

சிகாகோ திரும்பியவர், படங்களிலிருந்த குரோமோசோம்களைக் கத்தரிக்கோலால் வெட்டி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து, வரிசைப்படுத்தி, மாற்றி மாற்றிப் பார்த்தார். காகித பொம்மை விளையாடுவதற்கு அம்மாவுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம். அந்த விளையாட்டில்தான் உண்மை பிடிபட்டது. குட்டையாகிப்போன 22ஆம் குரோமோசோமின் துண்டு தொலைந்துபோகவில்லை; 9ஆம் குரோமோசோமின் நுனியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ரயில்களின் கடைசிப் பெட்டிகளைக் கழற்றி மாற்றிப் பூட்டினால் எப்படியோ, அப்படி. 1973இல் அவர் இதை வெளியிட்டார். தொலைந்தது என்றால் விபத்து. ஒவ்வொரு நோயாளியிடமும் அதே இரண்டு ரயில்கள் அதே இடத்தில் மாறிப் பூட்டிக்கொள்கின்றன என்றால் அதில் ஏதோ பொருள் இருக்க வேண்டும் அல்லவா?

பாராட்டு அவருக்கு மெல்லத்தான் வந்தது. 1998இல் நோவலுடன் சேர்ந்து லாஸ்கர் விருது, 2009இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம். 2013இல் தம் 88ஆவது வயதில் காலமானார். ஹங்கர்ஃபோர்டு 1993லேயே மறைந்துவிட்டதால் விருது மேடையை அவர் பார்க்கவில்லை.

திறந்த குழாயை மூடாவிட்டால்

சரி, மாறிப் பூட்டிய இடத்தில் என்ன இருந்தது? அதைத் தெரிந்துகொள்ள உயிரணுவுக்குள் நடக்கும் ஒரு சின்ன வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நம் உடலில் புரதங்கள் எப்போதும் வேலை செய்துகொண்டே இருப்பதில்லை. வேண்டும்போது விழித்து, வேண்டாதபோது உறங்கும். உசுப்பிவிடுவது யார்? கைனேஸ் எனப்படும் இன்னொரு வகைப் புரதம். உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட் துண்டைக் கிள்ளி எடுத்து, உறங்கும் புரதத்தின்மீது ஒட்டிவிடும். ஒட்டினால் விழிப்பு, சிலவற்றுக்கு நேர்மாறாக, ஒட்டினால் உறக்கம். வேறொரு நொதி வந்து துண்டை உரித்து எடுத்தால் பழைய நிலை. அவ்வளவு எளிது. இதை 1950களில் தசை ஆராய்ச்சியின் வழி கண்டுபிடித்தவர்கள் சியாட்டல் நகரின் எட்வின் கிரெப்ஸும் எட்மண்ட் ஃபிஷரும். நோபல் பரிசு 1992இல்தான் கிடைத்தது. ஃபிஷர் ஷாங்காயில் பிறந்தவர். 101 வயது வரை வாழ்ந்தவர். மனித மரபணுத் தொகுப்பில் இத்தகைய கைனேஸ்களுக்கான மரபணுக்கள் 500க்கு மேல் இருப்பதாக 2002இல் கணக்கிடப்பட்டது.

ஏபிஎல் அந்த 500இல் ஒன்று. அதன் பெயருக்கே ஒரு கதை உண்டு. 1970இல் ஹெர்பர்ட் ஏபல்சன் என்ற மருத்துவர் எலிகளுக்கு இரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸைக் கண்டறிந்தார். அவர் பெயரின் முதல் எழுத்துகளே ஏபிஎல். அந்த வைரஸ் புற்றுநோயை உண்டாக்கும் மரபணுவைத் தானாக உருவாக்கிக்கொள்ளவில்லை. எலியின் உயிரணுவிலிருந்து திருடியிருந்தது. நல்ல பிள்ளையாக வீட்டில் இருந்த மரபணு, திருடனோடு சேர்ந்து கெட்டுப்போய்த் திரும்பி வந்தது எனலாம். அதே மரபணு மனிதருக்கும் உண்டு. 9ஆம் குரோமோசோமில்.

1980 வாக்கில் இது எந்த வகைக் கைனேஸ் என்பதும் தெளிவாயிற்று. புரதத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலத்தின்மீது பாஸ்பேட்டை ஒட்டும் அபூர்வ வகை. இந்த வகையே உலகுக்குத் தெரியவந்தது ஒரு சுவையான தற்செயல். 1979இல் கலிபோர்னியாவின் சால்க் கழகத்தில் டோனி ஹண்டர் ஒரு சோதனைக்குப் புதுக் கரைசல் கலக்காமல் பழைய கரைசலையே பயன்படுத்தினார். நாள்பட்டதால் அதன் அமிலத்தன்மை கொஞ்சம் மாறியிருந்தது. புதுக் கரைசலாக இருந்திருந்தால் இரண்டு புள்ளிகள் ஒன்றாக ஒட்டியே தெரிந்திருக்கும். பழைய கரைசலில் அவை பிரிந்து நின்றன. பிரிந்து நின்ற அந்தப் புள்ளிதான் பாஸ்பேட் ஏறிய டைரோசின். சோம்பலுக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புள்ளி ஏன் பிரிந்தது என்று ஹண்டர் விடாமல் துருவியதால்தான் அது கண்டுபிடிப்பாயிற்று.

1982இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகர ஆய்வாளர்கள் இரண்டு கதைகளையும் இணைத்தார்கள். நோயாளிகளின் உயிரணுக்களில் ஏபிஎல் மரபணு 9ஆம் குரோமோசோமை விட்டு 22க்குக் குடிபெயர்ந்திருந்தது. அங்கே பிசிஆர் என்று பெயரிடப்பட்ட வேறொரு மரபணுவின் நடுவே போய் ஒட்டி, இரண்டும் சேர்ந்து ஒரே மரபணுவாகிவிட்டிருந்தன. பாதி இங்கே, பாதி அங்கே என்று இயற்கையில் இல்லாத ஒரு கலப்புப் புரதம் பிறந்தது.

இதில் ஆபத்து என்ன? இயல்பான ஏபிஎல் புரதம் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் அமைப்பு உடையது. அதன் முனைப்பகுதி மடங்கி வந்து, கைனேஸ் வேலை செய்யும் பகுதியைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடிக்கும். உயிரணு நகர வேண்டும், மரபுப் பொருளில் சேதம் ஏற்பட்டிருக்கிறது என்பது போன்ற சமிக்ஞை வரும்போது மட்டும் பிடி தளரும். கலப்புப் புரதத்தில் அந்த முனை வெட்டுப்பட்டு, அதன் இடத்தில் பிசிஆர் துண்டு உட்கார்ந்துவிடுகிறது. அந்தத் துண்டுக்கோ தன்னைப் போன்றவற்றோடு கைகோத்து நிற்கும் குணம். கைகோத்து நிற்பவை ஒன்றையொன்று உசுப்பிவிடும். குழாயைத் திறந்துவிட்டுத் திருகுபிடியைக் கழற்றி எறிந்தது போலத்தான். ‘பெருகு, பெருகு’ என்ற கட்டளை இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்க, எலும்பு மஜ்ஜையில் வெள்ளை உயிரணுக்கள் குவிந்துகொண்டே போகும்.

1990இல் அந்தக் கலப்பு மரபணுவை மட்டும் எலிகளின் மஜ்ஜையில் புகுத்திப் பார்த்தார்கள். எலிகளுக்கு மனிதருக்கு வருவது போன்ற அதே நோய் வந்தது. நோவலும் ஹங்கர்ஃபோர்டும் குட்டைக் குரோமோசோமைக் கண்டு 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. காரணமா விளைவா என்ற பழைய வழக்குக்கு அன்றுதான் தீர்ப்புக் கிடைத்தது.

மூடியைத் தேடிய சுவிட்சர்லாந்து

திறந்த குழாய்க்கு மூடி செய்யலாமே என்ற எண்ணம் பாசல் நகரின் சீபா-கைகி நிறுவனத்தில் அலெக்ஸ் மாட்டர், நிக்கலஸ் லைடன் ஆகியோருக்கு இருந்தது. ஆனால் துறை வல்லுநர்கள் பலர் தலையை ஆட்டினார்கள். எல்லாக் கைனேஸ்களும் ஏடிபி மூலக்கூறைப் பிடித்துக்கொள்ள ஒரேமாதிரிப் பள்ளம் வைத்திருக்கின்றன. ஒன்றின் பள்ளத்தை அடைக்கும் மருந்து மற்ற நூற்றுக்கணக்கானவற்றையும் அடைத்துவிட்டால் நோய்க்கு முன் நோயாளி போய்விடுவாரே என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான்.

வேதியியலாளர் யுர்க் சிம்மர்மன் வேறொரு கைனேஸுக்காகத் தயாரித்த மூலக்கூறை எடுத்துத் திருத்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் மீத்தைல் என்ற மிகச் சிறிய தொகுதியைச் சேர்த்ததும் பழைய கைனேஸின் மீதான பிடி விட்டுப்போய், ஏபிஎல் மீதான பிடி இறுகியது. தண்ணீரில் கரைவதற்காக மற்றொரு தொகுதி. இப்படிப் பிறந்ததுதான் இமாட்டினிப்.

பின்னாளில், 2000இல், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜான் குரியன் குழுவினர் அந்த மூலக்கூறு ஏபிஎல் பள்ளத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் படிக வடிவில் படம்பிடித்துக் காட்டினார்கள். கைனேஸ் வேலை செய்யும்போது எல்லாப் பள்ளமும் ஒரே சாயல். உறங்கும்போதோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். இமாட்டினிப், உறங்கும் ஏபிஎல்லைப் பிடித்து எழவிடாமல் செய்கிறது. வல்லுநர்களின் வாதம் பிசகிய இடம் இதுவே. குரியன் அமெரிக்கா செல்லுமுன் மதராஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பது நம்மவர் அறிய வேண்டிய செய்தி.

மூலக்கூறு தயார். யாரிடம் சோதிப்பது? மருத்துவர் பிரையன் டுரூக்கர் 1993இல் பாஸ்டனிலிருந்து ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்துக்கு மாறியதும் லைடனைத்தான் முதலில் தொடர்புகொண்டார். அனுப்பிய மூலக்கூறுகளில் ஒன்று, நோயாளிகளின் புற்று உயிரணுக்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் அழித்து, நல்ல உயிரணுக்களை விட்டுவைத்தது. 1996இல் முடிவு அச்சேறியது. அதே ஆண்டு சீபா-கைகியும் சாண்டோஸும் இணைந்து நோவார்ட்டிஸ் ஆயின. இணைப்பு என்றால் தெரியுமே. மேசைகள் மாறும், கோப்புகள் அடியில் போகும். விலங்குச் சோதனையில் கல்லீரல் பாதிப்பு தெரிந்ததும் தயக்கம் கூடியது. போதாக்குறைக்கு, அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 5,000 பேருக்கு மட்டுமே வரும் நோய். இவ்வளவு சிறிய சந்தைக்கு இவ்வளவு பெரிய முதலீடா என்ற கேள்வி. டுரூக்கர் விடாமல் நச்சரித்ததால்தான் காரியம் நடந்தது என்று சொல்ல வேண்டும்.

1998 ஜூனில் முதல் நோயாளி மாத்திரையை விழுங்கினார். போர்ட்லாந்தில் டுரூக்கர், லாஸ் ஏஞ்சலிஸில் சார்லஸ் சாயர்ஸ், ஹியூஸ்டனில் மோஷே டல்பாஸ் ஆகிய மூவரும் கவனித்தார்கள். முதற்கட்டச் சோதனை என்பது பாதுகாப்பைப் பார்ப்பதற்குத்தான். குணத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அப்போதிருந்த இன்டர்ஃபெரான் ஊசி பலனளிக்காதவர்கள்தான் சேர்க்கப்பட்டிருந்தார்கள். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு இரத்த எண்ணிக்கை முழுமையாக இயல்புக்குத் திரும்பியது. ஐம்பத்து நான்கில் ஐம்பத்து மூன்று! புற்றுநோய் மருத்துவத்தில் இப்படி ஓர் எண்ணை அதற்கு முன் கண்டவர் இல்லை.

செய்தி இணையத்தில் நோயாளிகளிடையே பரவியது. ஆனால் மருந்து போதுமான அளவு தயாராகவில்லை. சோதனையில் சேர இடமில்லை. 1999இல் நோயாளிகள் 3,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டி, உற்பத்தியைக் கூட்டும்படி நிறுவனத் தலைவர் டேனியல் வசெல்லாவுக்கு மனு அனுப்பினார்கள். நிறுவனம் அசைந்தது, உற்பத்தி கூடியது. விண்ணப்பம் வந்து மூன்று மாதத்திற்குள் அமெரிக்க அரசு அனுமதியும் கொடுத்தது. பின்னர் 1,100 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வில், மாத்திரையில் தொடங்கியவர்களில் 83 விழுக்காட்டினர் பத்தாண்டுகளுக்குப் பின்னும் உயிரோடு இருந்தனர். லைடன், டுரூக்கர், சாயர்ஸ் மூவருக்கும் 2009இல் லாஸ்கர் விருது.

சென்னைக்கு வந்த வழக்கு

கதை இத்துடன் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அடுத்த கேள்வி, மாத்திரை யாருக்கு எட்டும் என்பது.

அமெரிக்காவில் 2001இல் ஆண்டுக்குச் சுமார் 30,000 டாலராக இருந்த விலை, 2012இல் சுமார் 92,000 டாலரைத் தொட்டது. மருந்து பழகப் பழக மலிவாகும் என்பதே உலக வழக்கம். இது தலைகீழாக ஏறியது. 2013இல் இந்நோயின் வல்லுநர்கள் 100 பேருக்கு மேல், டுரூக்கர் உட்பட, விலையைக் கண்டித்து மருத்துவ இதழ் ஒன்றில் கூட்டாக எழுதினார்கள். சந்தை சிறியது என்று தயங்கப்பட்ட மருந்து 2012இல் மட்டும் 4.6 பில்லியன் டாலருக்கு மேல் விற்றது. சாகாமல் வாழ்பவர்கள் நாள்தோறும் மாத்திரை வாங்குகிறார்கள். சந்தை வளராமல் என்ன செய்யும்?

இந்தியாவில் கிளிவெக் மாதத்துக்குச் சுமார் ஒரு லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். அங்குள்ள நிறுவனங்கள் அதே மருந்தைச் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்கு விற்றன. அந்நிறுவனங்களின் மாத்திரையைத் தடுக்கக் காப்புரிமை வேண்டும். நோவார்ட்டிஸின் விண்ணப்பம் 1998 முதல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் காத்திருந்தது. அது கோரியது இமாட்டினிப்புக்கே அல்ல. அதன் உப்பின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு. இந்தியா 2005இல் சட்டத்தைத் திருத்தியபோது மூன்றாம் பிரிவில் ‘டி’ என்றொரு உட்பிரிவைக் கடுமையாக்கியது. தெரிந்த பொருளின் புது வடிவம் குணமளிப்பதில் கணிசமாக மேம்பட்டிருந்தால் ஒழியக் காப்புரிமை இல்லை என்றது அது.

2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. புற்றுநோயாளிகளின் உதவிச் சங்கம் ஒன்றும் எதிர் மனு போட்டிருந்தது. அந்த உட்பிரிவே அரசமைப்புக்கு முரண் என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போயிற்று. 2007 ஆகஸ்டில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2009இல் மேல்முறையீட்டு வாரியமும் கைவிரித்தது. கடைசியில் 2013 ஏப்ரல் 1ஆம் தேதி, நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு வழக்கை முடித்துவைத்தது. புதிய படிகம் உடலில் கூடுதலாகச் சேர்கிறது என்பது சரி. ஆனால் கூடுதலாகக் குணப்படுத்துகிறது என்பதற்குச் சான்று எங்கே என்பதே தீர்ப்பின் சாரம்.

நிறுவனத்தின் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் தன் மருந்தைப் பெறுவோரில் மிகப் பெரும்பாலோருக்கு இலவசமாகவே கொடுப்பதாக அது சொன்னது. அந்த இலவசத் திட்டம் உண்மையிலேயே ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியது. காப்புரிமை இல்லாவிட்டால் நாளைய மருந்துக்கு யார் பணம் போடுவார்கள் என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது. என்றாலும் தயவில் கிடைக்கும் மருந்து வேறு, கடையில் கேட்டு வாங்கும் மருந்து வேறு. மேலும் அந்தக் குட்டைக் குரோமோசோம் முதல் 1990இன் எலிகள் வரையிலான ஆராய்ச்சியில் பெரும்பகுதி பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக் கழகங்களிலும் நடந்தது. கணக்குப் போடும்போது அந்த 30 ஆண்டுகளையும் ஒரு வரியில் எழுதத்தானே வேண்டும்? 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் இமாட்டினிப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2016இல் அமெரிக்காவிலும் மலிவு வகை வந்துவிட்டது.

மூடியைத் தள்ளும் குழாய்

புற்று உயிரணுவும் சும்மா இருக்கவில்லை. 2001லேயே சாயர்ஸ் குழு, மருந்து கேளாமல் போன நோயாளிகளின் ஏபிஎல் புரதத்தை ஆராய்ந்தது. 315ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த மாற்றம் பள்ளத்தின் வாசலில் ஒரு கல்லைப் போட்டது போல மருந்தை உள்ளே விடவில்லை. அதன்பின் 2006இல் டாசாட்டினிப், 2007இல் நைலோட்டினிப் வந்தன. அவை வேறு பல மாற்றங்களை வென்றன; 315இடம் தோற்றன. அதை வெல்ல 2012இல் பொனாட்டினிப் வர வேண்டியிருந்தது. அதற்கோ இரத்தக் குழாய் அடைப்பு என்ற பெரிய பக்கவிளைவு. 2021இல் அங்கீகாரம் பெற்ற அசிமினிப் வேறு வழியைப் பிடித்தது. ஏடிபி பள்ளத்தைத் தொடாமல், இயல்பான ஏபிஎல் தன் முனையை மடக்கி வைத்துத் தன்னைப் பூட்டிக்கொள்ளும் அந்தப் பின்பக்க இடத்திலேயே போய் உட்கார்கிறது. வெட்டுப்பட்ட பூட்டின் இடத்தில் செயற்கைப் பூட்டு!

நோயாளிகள் கேட்கும் கேள்வி இதைவிட எளியது: வாழ்நாள் முழுதும் மாத்திரை சாப்பிட வேண்டுமா? பிரான்சின் மருத்துவர்கள் அதைத் துணிந்து சோதித்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கலப்பு மரபணுவின் தடயமே இரத்தப் பரிசோதனையில் தென்படாத 100 பேரைத் தேர்ந்தெடுத்து மாத்திரையை நிறுத்தினார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்கு நோய் திரும்பவில்லை. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதத்திற்குள்ளேயே தடயம் மறுபடி தெரிந்தது. மாத்திரையை மீண்டும் தொடங்கியதும் அது அவர்களுக்கும் முன்போலவே கேட்டது. இன்று தகுதியுள்ள நோயாளிகளிடம், நெருக்கமான கண்காணிப்போடு, மருத்துவர்களே அந்தப் பேச்சை எடுக்கிறார்கள். தாமாக நிறுத்துவது மட்டும் கூடாது. மாத இடைவெளியில் இரத்தப் பரிசோதனை செய்யும் வசதி இருந்தால்தான் அது நடக்கும்.